நோட்டில் மாறாத அந்த ‘மூன்று’

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை எங்களுக்கு. மகளுக்கு 3 வயது, பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி). கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு வைப்பாள். மாதம் இரண்டு முறை சேலத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டி வருகிறோம். நோட்டில் ‘மூன்றாம் நிலை’ என்று எழுதினார்கள். ஆறு மாதம் கழித்தும் அதேதான். முன்னேற்றமே இல்லையா டாக்டர்?

பதில்: அந்த எண்ணைப் பார்த்து மனசு உடைந்துவிடாதீர்கள் அம்மா. அது மார்க் இல்லை. குழந்தை தானாக எப்படி உட்காருகிறது, எப்படி நகர்கிறது என்று பார்த்து ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிப்பார்கள்; ஒன்று லேசானது, ஐந்து கடுமையானது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 1997இல் வெளியிட்ட முறை இது. 2 வயதுக்குப் பிறகு குறித்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. மூன்றாம் நிலைக் குழந்தைகள் பள்ளி வயதில் வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்துச் சமதரையில் நடப்பார்கள். தோட்டத்து மேடுபள்ளத்தில் தூக்கித்தான் போக வேண்டியிருக்கும்.

முன்னேற்றத்தை அளக்க வேறு பரிசோதனை உண்டு. புரள்வது, உட்கார்வது, தவழ்வது, நிற்பது, நடப்பது என 88 செயல்களைச் செய்யவைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் புள்ளியைத் தெரபிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியில் வாந்தி எடுத்து, களைத்து வரும் குழந்தை புது இடத்தில் எதையும் செய்துகாட்டாது. உங்கள் தோளில் முகம் புதைத்துக்கொண்டு அழும். அன்றைய புள்ளி குறைவாகத்தான் வரும். அதனால் மாதம் ஒருநாள், அவள் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கும்போது, அதே கட்டில் ஓரம், அதே தரையில் செல்போனில் வீடியோ எடுங்கள். எழுந்து நிற்க யார் கை கொடுத்தார்கள், எத்தனை எட்டு வைத்தாள், ஒரு கையை எடுத்துப் பொம்மையை வாங்கினாளா என்று தேதி போட்டு எழுதுங்கள். நான் நோட்டைவிட அந்த வீடியோவைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் குழந்தைகள் எட்டக்கூடிய அசைவுத் திறனில் பெரும்பகுதியை 5 வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். கடுமையான நிலைகளில் 3 வயதை ஒட்டியே வேகம் குறைந்துவிடும். ஆகவே வாக்கரைத் தள்ளிப்போடாதீர்கள். “வாக்கர் பழகினால் தானாக நடக்க மாட்டாள்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை.

இடுப்பு மூட்டையும் கவனிக்க வேண்டும். பெருமூளை வாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது மெல்ல விலகுகிறது, தொடக்கத்தில் வலியே இருக்காது. இதுவரை இடுப்பு எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று அவர் சொல்வார்.

பெருமூளை வாதத்தில் மூளையின் பாதிப்பு வளர்ந்துகொண்டே போவதில்லை. எனவே பாப்பா நேற்றுவரை செய்த ஒன்றை இன்று விட்டுவிட்டால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். அப்படி நடந்தாலோ, டயப்பர் மாற்றக் காலை விரிக்கும்போது இடுப்பு வலித்து அழுவதுபோல் இருந்தாலோ அடுத்த தெரபி நாள்வரை காத்திருக்காமல் உடனே கூட்டி வாருங்கள்.