நாய்க்குப் பத்திரம், அம்மாவுக்குக் கரைச்சல்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குக் காரிலேயே பிரான்ஸ் போக இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், எங்கள் நாய் ரொக்கி. முதல் இரவு பாரிசில் அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டு, பிறகு பிரான்சின் மேற்கிலுள்ள பிரித்தானி (Brittany) கடற்கரையில் பத்து நாள். ரொக்கியும் குடும்பத்தில் ஒருவன்தானே, அவனை நாய்க் காப்பகத்தில் விட மனம் வரவில்லை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வருத்தம், தனிய அவனைச் சமாளிக்க ஏலாது. அம்மா வரமாட்டா, அவவின் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுப்பது கரைச்சல். இப்போது பெப்ரவரிதான், ஆனாலும் ரொக்கிக்கு ஆயத்தம் எப்போது தொடங்க வேண்டும்?
— வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: பிள்ளை, நாயின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சுலபம்.

ரொக்கியின் தோலுக்கடியில் சிப் இருக்கும், இங்கே அது சட்டம். ஆனால் விசர்நாய்த் தடுப்பூசி இருக்காது. வருடாந்த ஊசி தவறாமல் போடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள், அது வேறு. பிரித்தானியாவில் விசர்நாய்க்கு வழமையாக ஊசி போடுவதில்லை, கேட்டுத்தான் போட வேண்டும். சிப்பை வாசித்த பிறகே ஊசி, ஊசி போட்டு 21 நாள் கழிந்தே பயணம். பிறகு மிருக சுகாதாரச் சான்றிதழ். 2021 ஜனவரி 1 முதல், இங்கே கொடுத்த பழைய நாய்க் கடவுச்சீட்டு ஐரோப்பாவுக்குச் செல்லாது, ஒவ்வொரு பயணத்துக்கும் புதுச் சான்றிதழ் வேண்டும். பிரான்சுக்குள் நுழைவதற்கு முந்திய 10 நாளுக்குள் அதை எடுக்க வேண்டும். எல்லா மிருக வைத்தியரும் கையெழுத்து வைக்க முடியாது, அதற்கென்று அரச அங்கீகாரம் பெற்றவர்தான் வைக்கலாம். ஓகஸ்டில் அவர்களிடம் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூனிலேயே நாள் பதிந்துவையுங்கள்.

யூரோஸ்டாரில் நாயை ஏற்றமாட்டார்கள். நீங்கள் போவதுபோல் காரோடு, கடலடிச் சுரங்கத்தால் கார்களை ஏற்றிப்போகும் லெ ஷட்டில் ரயிலில் ஏறினால் 35 நிமிடம், அவன் காருக்குள் உங்களோடேயே இருப்பான். பலர் பிழைவிடுவது திரும்பி வரும்போதுதான். பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கு 24 மணியிலிருந்து 120 மணிக்குள், அதாவது ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்கு முன், அங்குள்ள மிருக வைத்தியர் நாடாப்புழு மருந்து கொடுத்து, திகதியும் நேரமும் சான்றிதழில் எழுத வேண்டும். நரிகளில் காணும் ஒருவகை நாடாப்புழு ஐரோப்பாவில் உண்டு, இங்கே இல்லை. அது மனிதரின் ஈரலைப் பிடிக்கும். நேரம் ஒரு மணி பிசகினாலும் கலேயில் ஏறவிடமாட்டார்கள். பிரான்சில், பிரித்தானிக் கரையில் எந்த வைத்தியரிடம், எந்த நாள் என்பதை இங்கிருந்தே ஒழுங்குசெய்துவிட்டுப் போங்கள். ஓகஸ்டில் அங்கே பாதிப்பேர் விடுமுறையில் போய்விடுவார்கள்.

ரொக்கிக்கு இவ்வளவுதான். இனி உங்கள் கடிதத்தில் எனக்கு நெஞ்சில் தைத்த இடத்துக்கு வருகிறேன்.

"அம்மா வரமாட்டா." நாய்க்கு ஆறு மாதம் முந்தியே யோசித்து எழுதியிருக்கிறீர்கள், பெற்ற தாய்க்கு அரை வரி. இந்த அரை வரி எனக்குப் புதிதில்லை. நாய் இல்லாத கடிதங்களிலும் வரும். வரமாட்டா என்று சொன்னது யார்? அவவா, நீங்களா? கேட்டிருந்தால், "நீங்கள் சந்தோசமாய்ப் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்" என்றுதான் சொல்லியிருப்பா. எங்கள் அம்மாமார் எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள். தன்னால் பிள்ளைக்கு ஒரு செலவும் அலைச்சலும் வரக்கூடாது என்று சொல்கிற அந்தச் சொல்லைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு காரை எடுப்பது சரியில்லை, பிள்ளை. உங்களுக்கே அது தெரியும். தெரியாவிட்டால் எனக்கு அந்த அரை வரியை எழுதியிருக்கமாட்டீர்கள்.

ஓகஸ்டில் சின்னம்மா கதவைத் திறப்பா. மருமகன் நிற்பார், பேரப்பிள்ளைகள் நிற்பார்கள், வாலை ஆட்டிக்கொண்டு நாய் நிற்கும். அக்கா எங்கே என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? இருவரும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். இன்றைக்கு ஒருத்தி ஹரோவில், ஒருத்தி பாரிசில். காலையில் புறப்பட்டால் பின்னேரத்துக்குள் போய்விடும் தூரம். அறுபத்தெட்டு வயதில், இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட எனக்கு மனம் வராது. காரில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் நாலு பேர், அம்மாவோடு ஐந்து, ரொக்கி பின்னுக்கு.

கரைச்சல் என்கிறீர்களே, அந்தக் கரைச்சல் என்ன என்று பார்ப்போம். பிரான்சுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை ஏற்பார்கள், ஆனால் கோடைக்கு நேரம் கிடைக்காமல் அந்தரப்படுவீர்கள். கட்டணம் 90 யூரோ, விசா நிலையத்தின் சேவைக் காசு தனி. நாயின் சான்றிதழுக்கு மிருக வைத்தியர்கள் கேட்பது பெரும்பாலும் இதைவிடக் கூட. அம்மாவின் கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பிவந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். குறைந்தால் இப்போதே இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் புதுப்பிக்கக் கொடுங்கள், நாளெடுக்கும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பிரித்தானிய வதிவிட அனுமதி இப்போது அட்டையில் இல்லை, இணையத்தில்தான், அதைக் காட்டுவதற்கான ஷெயார் கோட் என்ற குறியீட்டை நீங்கள்தான் கூட இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பாரிஸ் இரவுக்குச் சின்னம்மா தன் நகரசபையில் 30 யூரோ கட்டி அழைப்புப் பத்திரம் எடுக்கலாம். அதை அவவிடம் சொல்லிப் பாருங்கள், மறுநாளே போய் நிற்பா. கைரேகை கொடுக்க மட்டும் அம்மா நேரில் போக வேண்டும். முழங்கால் வருத்தம் என்கிறீர்கள், அன்றைக்கு லீவு போட்டு நீங்களே கூட்டிப்போங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அம்மாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துப் பல வருடமா? 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமைக்கான ஆங்கிலப் பரீட்சையும் கிடையாது, பிரித்தானிய வாழ்க்கைப் பரீட்சையும் கிடையாது. காசு பெரிதுதான். குடியுரிமை கிடைத்தால் பிரான்சுக்கு விசாவே தேவையில்லை. ஆனால் அந்த இலங்கைக் கடவுச்சீட்டை விட மனமில்லாத அம்மாமார் பலரை நான் அறிவேன். அதில் முடிவு அவவுடையது, நீங்கள் அவவிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

இந்தக் கிழமை ரொக்கிக்கு ஊசி போட நாள் எடுக்கும்போது அம்மாவின் கடவுச்சீட்டையும் வெளியே எடுத்துக் காலாவதித் திகதியைப் பாருங்கள். ஓகஸ்டுக்கு விசா நேரம் கிடைக்காவிட்டால், பயணத்தை ஒக்டோபர் பாடசாலை விடுமுறைக்குத் தள்ளுங்கள். கடல் குளிரும், ஆனால் வாடகைக்கு எடுக்கும் வீடு மலிவு. நாயின் சான்றிதழ் கடைசிப் பத்து நாளில்தானே எடுப்பது, அது காத்திருக்கும்.