டப்பா விலையைப் பார்க்காதீர்கள், புரத விலையைப் பாருங்கள்

கேள்வி: எடை 80 கிலோ. பால், முட்டைகூடத் தொடாத சைவம். அடுத்த ஆண்டு கட்டழகர் போட்டி மேடை ஏறப் போகிறேன். இணையத்தில் ஒரு கிலோ தாவரப் புரத மாவு 130 ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது, 170-க்கும் கிடைக்கிறது. மலிவானதை வாங்கலாமா? (படங்கள் இணைத்துள்ளேன்.)
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் படத்திலேயே விடை இருக்கிறது. 130 ரிங்கிட் டப்பாவில் ஒரு கரண்டி 45 கிராம், புரதம் 24 கிராம். மற்றதில் கரண்டி 30 கிராம், புரதம் அதே 24. முதல் டப்பா முழுவதையும் குடித்தால் கிடைப்பது 533 கிராம் புரதம், இரண்டாவதில் 800 கிராம். கிராமுக்கு 24 சென்னும் 21 சென்னும். விலை கூடியதுதான் மலிவு.

சேர்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் என்ற அமினோ அமிலங்களைத் தனியாக எழுதியிருந்தால் வேண்டாம். ஆய்வுக்கூடம் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் இவ்வளவு என்கிறது. கிளைசினிலும் நைட்ரஜன் உண்டு, ஆகவே புரதக் கணக்கில் ஏறிவிடும். அதை மட்டும் வைத்து உடல் தசை கட்டாது. பட்டாணியும் அரிசியும் கலந்த மாவு நல்லது: உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களில் பட்டாணியில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு; ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஹலால் முத்திரையை நம்பிப் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், 'சூசு' (மலாயில் பால்) என்ற சொல்லைத் தேடுங்கள்.

மாவை மட்டும் நம்பவும் தேவையில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் புரதம் வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 160 கிராம். தெம்பே எனும் புளிக்கவைத்த சோயாக் கட்டி 200 கிராமில் 38, மீல்மேக்கர் எனும் சோயா உருண்டை 60 கிராமில் 30, கெட்டி தௌஃபு (டோஃபு) 300 கிராமில் 35 கிராம் போல வரும். பருப்பு, சோறு, கடலையில் 25. மிச்சத்துக்குத்தான் மாவு, ஒரு கரண்டி அல்லது ஒன்றரை.

பலர் சறுக்குவது சோயா உருண்டையில். உறையில் எழுதியிருப்பது காய்ந்த எடைக்கான கணக்கு. ஊறியபின் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். ஊறவைத்துப் பிழிந்த 60 கிராமைத் தட்டில் போட்டுக்கொண்டு 30 கிராம் புரதம் என்று எழுதிவைத்தால், உள்ளே போனது 10 கிராம்தான். ஊறவைக்கும் முன்பே எடை போட்டுவிடுங்கள்.

தசைக்கு ஆற்றல் தர உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். சைவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவு என்பதால் பலன் தெரியும். தூளாக வாங்குங்கள், மாத்திரையின் கூடு விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம்.

கேள்வி: விளம்பரத்தில் சொன்ன புரத அளவு டப்பாவில் இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை.
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வழக்கறிஞரே வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் போராங் 1 எனும் படிவத்தை நிரப்பி 5 ரிங்கிட் கட்டுங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், இணைய வாங்கலும் அடக்கம். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், விற்றவர் நாளை அதை மாற்றிவிடலாம்.