கழித்தல் கணக்கில் ஒளிந்திருக்கும் வணிகம்

கேள்வி: சுங்க வரி வணிகத்தை எவ்வளவு பாதித்தது என்று கணிக்க ஏற்றுமதி, இறக்குமதி விவரம் போதாதா? ஒரு நாடு தனக்குள் விற்றுக்கொள்வதையும் சேர்க்கச் சொல்கிறார் என் ஆய்வு வழிகாட்டி. அதைக் கண்டுபிடிக்க மொத்த உள்நாட்டு உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்தேன். சிங்கப்பூருக்கு எதிர்மறை எண் வருகிறது!
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: வழிகாட்டி பக்கமே நானும். எல்லா அயல்நாட்டுப் பொருளுக்கும் ஒரே வரி விதிக்கும் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மாதிரியில், அதாவது நாடுகளின் பொருளாதார அளவையும் தூரத்தையும் வைத்து வணிகத்தைக் கணிக்கும் சமன்பாட்டில், இறக்குமதி செய்யும் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு தனி மாறி வைப்பீர்கள் அல்லவா? அந்த ஆண்டில் அந்நாட்டின் எல்லா இறக்குமதிக்கும் பொதுவானதை எல்லாம் அது தாங்கும். அந்த வரியை அது அப்படியே விழுங்கிவிடும். வரி கட்டாத உள்நாட்டுச் சரக்கும் அட்டவணையில் இருந்தால்தான் ஒப்பிட ஆள் கிடைக்கும். கனடா தன் மாகாணங்களுக்கிடையிலான வணிகத்தையும் கணக்கெடுத்து வைத்திருந்தது. அதனால்தான் 1995இல் பொருளியலாளர் மெக்கல்லம், 1988ஆம் ஆண்டின் விவரத்தைக் கொண்டு, ஒரே அளவும் தூரமும் உள்ள அமெரிக்க மாநிலத்தோடு நடப்பதைப்போல் சுமார் 22 மடங்கு வணிகம் கனடிய மாகாணங்களுக்கிடையே நடப்பதாகக் கணித்தார். 2003இல் ஆண்டர்சன், வான் வின்கூப் என்ற பொருளியலாளர்கள் அந்த மடங்கை வெகுவாகக் குறைத்தார்கள் என்பது வேறு கதை.

இனி உங்கள் எதிர்மறை எண். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது கூட்டு மதிப்பு, அதாவது வாங்கிய உள்ளீடுகளின் விலை போக நாட்டுக்குள் கூடுதலாகச் சேர்ந்த மதிப்பு. ஏற்றுமதியோ முழு விலை: ஒரு கார் கப்பலேறினால், அதிலுள்ள இறக்குமதிப் பாகங்களின் விலையும் சேர்ந்தே பதிவாகும். சிங்கப்பூரின் ஏற்றுமதி அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிடப் பெரிது. கழித்தால் வேறென்ன வரும்? தொழில்வாரியான மொத்த வெளியீட்டு மதிப்பிலிருந்து (உள்ளீடுகளின் விலையும் சேர்ந்த முழு உற்பத்தி மதிப்பு) கழியுங்கள்.

அப்போதும் ஹாங்காங், நெதர்லாந்து போன்ற இடங்கள் தொல்லை தரும். வந்த சரக்கு அப்படியே மறு ஏற்றுமதியாகிறது. உள்ளூர் ஆலையின் வெளியீட்டில் அது இல்லை. மறு ஏற்றுமதியைத் தனியே தரும் புள்ளிவிவரம் கிடைத்தால் முதலில் அதை நீக்குங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தயவுசெய்து பூஜ்யம் போடாதீர்கள். அந்த நாட்டில் உள்ளூர்ச் சரக்கை ஒருவரும் வாங்கவில்லை என்று நீங்களே சாட்சி சொன்னதாகும். இன்னொன்று: வெளியீடு ஆலை வாசல் விலையிலும், ஏற்றுமதி துறைமுகம்வரையான சரக்குக் கூலியும் வணிகர் லாபமும் சேர்ந்த விலையிலும் பதிவாகின்றன. ஆகவே கழித்து வரும் எண் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

எந்த நாட்டின் எந்தத் தொழில் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று காட்டும் பல நாட்டு உள்ளீடு-வெளியீட்டு அட்டவணைகள் ஓட்டையில்லாமல் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பல கட்டங்கள் அனுமானத்தால் நிரப்பப்பட்டவை. மாதிரி போட்ட எண்ணிலிருந்து மாதிரியை மதிப்பிட்டால், நம் குரலின் எதிரொலியைத்தான் கேட்போம். அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் வெளியிடும் வணிக, உற்பத்தித் தரவுத்தளம் அப்படி நிரப்பாதது. உள்நாட்டு வணிகமும் அதில் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு நாட்டுக்கும் அதே நாட்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று வைப்பது?
– அதே மாணவி

பதில்: நகரங்களுக்கிடையிலான தூரத்தை மக்கள்தொகைக்கேற்ப எடையிட்டுச் சராசரி காண்பது வழக்கம். ஒவ்வொரு நாட்டு இணைக்கும் தனி மாறி வைத்துவிட்டால் தூரமே சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். எல்லை கடக்கும் வணிகத்துக்கு ஆண்டுவாரியாக ஒரு மாறி வைக்க மட்டும் மறக்காதீர்கள். இல்லையேல் உலகமயமாதல் செய்ததையெல்லாம் வணிக ஒப்பந்தம், வரிக்குறைப்பு ஆகியவற்றின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.