டீசல் ஊற்றினாலும் அது நீராவி எஞ்சின்தான்

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் குடும்பத்தோடு போகிறோம். இப்போது அதில் டீசல்தான் எரிக்கிறார்கள், அது நீராவி எஞ்சினே இல்லை என்கிறார் நண்பர். ஏஜென்டோ ஊட்டி வரை நீராவிதான், அதற்குத் தலைக்கு இவ்வளவு கூடுதல் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் தவறு.

என்ன எரிகிறது என்று பார்க்காதீர்கள். எங்கே எரிகிறது என்று பாருங்கள். நீராவி எஞ்சினில் தீ சிலிண்டருக்கு வெளியே எரிந்து கொதிகலன் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. பிஸ்டனைத் தள்ளுவது அந்த ஆவி. டீசல் எஞ்சினில் எண்ணெய் சிலிண்டருக்குள்ளேயே எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அதனால் ஜெனரேட்டர் சுழன்று வரும் மின்சாரம், அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது.

நண்பர் குழம்பியது இதில்தான். இந்த மலை ரயிலை இழுக்கும், நிலக்கரியில் ஓடிய ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்கள் சிலவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பிறகு டீசலும் வந்தது. அந்த டீசல் தண்ணீரைச் சூடாக்க மட்டுமே. விறகடுப்போ கேஸோ, இட்லியை வேக வைப்பது ஆவிதானே? ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நின்று தொட்டி நிறையத் தண்ணீர் பிடிப்பதைப் பாருங்கள், சந்தேகம் தீரும்.

இனி ஏஜென்ட். வழக்கமான ரயிலில் நீராவி குன்னூர் வரைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காகப் பற்கள் வைத்த ஒரு பல் தண்டவாளம். எக்ஸ் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களில் இரண்டு சக்கரங்களை ஓட்டும். அவற்றில் வேலை முடித்த ஆவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். குன்னூருக்கு மேல் பல் தண்டவாளம் தேவையில்லை, டீசல் எஞ்சின் இழுக்கிறது.

நீராவிக்கென்று தனிக் கட்டணம் இந்த ரயிலில் கிடையவே கிடையாது. எந்த வகுப்பில் ஏறினாலும் அதே எஞ்சின். ஏஜென்ட் தன் சொந்த ஐடியில் டிக்கெட் பிடித்து அதிக விலைக்கு விற்பது குற்றம். பிடிபட்டால் தவிக்கப்போவது நீங்கள். ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு திறந்த அன்றே நீங்களே போடுங்கள். ‘குன்னூர் வரை நீராவி, அப்புறம் டீசல்’ என்று டிக்கெட்டில் ஒரு வரி அச்சிட்டால் இந்த ஏமாற்று வியாபாரமே படுத்துவிடும். அதற்குக்கூடவா ரயில்வேக்கு மனம் வரவில்லை?

நீராவிதான் வேண்டும் என்றால் குன்னூர் வரை எடுத்தாலே போதும். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.