பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனது?

கேள்வி: குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே உள்ள கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மகன் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஐந்து நிமிடம் தாமதமானாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காலாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் தவறிவிட்டான் என்று மாலை ஐந்தரை மணிவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். ஞாயிறு மறைக்கல்விக்கு வராததையும் கேட்கிறார்கள். வகுப்பாசிரியைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அழுகிறான். கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நான் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்விடுவேன். ஜூலையில் நடந்த கூட்டம் முதல் எல்லாப் பெற்றோர் கூட்டத்துக்கும், பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட மூத்த மகள்தான் போய்வருகிறாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச்சொல்ல அவளே எழுதுகிறாள். உங்கள் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டுவதும் அவள்தான். அவளுக்கென்று சேர்த்த நகையை அடகு வைத்தாவது மகனை ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

சகோதரி,

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய கடிதங்கள் எனக்கு வந்து குவியும். ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை, கண்டிப்பு அதிகம், பள்ளியை மாற்றலாமா என்பதே அவற்றின் சாரம். ஆகவே, கவலைப்படாதீர்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்று எழுதி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. உங்கள் கடிதம் முழுவதும் மகனைப் பற்றியது. மூத்த மகள் அதில் போகிற போக்கில் வந்துபோகிறாள். நான் அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உச்சியில் சிறிய சிலுவை ஒன்று. இடப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு விட்ட ஓரம். ஓரிடத்திலும் ஒற்றுப் பிழை இல்லாத, ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கும் கையெழுத்து. கன்னியர் நடத்தும் பள்ளியில் கருத்தாகப் படித்த பெண் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கடிதம் முழுவதிலும் அடித்தல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 'பதினொன்றாம் வகுப்போடு' என்பதற்கு அடுத்து ஒரு சொல்லை எழுதி, பிறகு கோடிட்டு அடித்திருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'நாங்கள்' என்று வாசிக்க முடிகிறது. பதினொன்றாம் வகுப்போடு நாங்கள் படிப்பை நிறுத்திவிட்ட மகள் என்று முதலில் எழுதப்பட்டது, படிப்பைத் தானே நிறுத்திவிட்ட மகள் என்று ஆகிவிட்டது. அடிக்கச் சொன்னவர் நீங்களா, அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று அவளாகவே அடித்தாளா என்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும். எப்படியிருந்தாலும், தன் படிப்பு நின்ற கதையைத் தன் கையாலேயே, அதுவும் தம்பியின் படிப்புக்காக, அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். அதை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது அருகில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா?

கணவர் கடலில் இருக்கிறார் என்கிறீர்கள். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மாதங்கள் அவை. முதல் கூட்டம் ஜூலையில் நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று அவர் ஊரில்தானே இருந்திருப்பார்? ஏலமும் காலையிலேயே முடிந்துவிடும். தகப்பனும் தாயும் ஊரில் இருக்க, பதினெட்டு வயதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற ஒரு பெண், தன்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ள பெற்றோர்களின் நடுவே போய் உட்கார்ந்து, தம்பியின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எழுதப் படிக்கப் பழக்கமில்லாததால் சிஸ்டர்களின் முன்னால் போய் நிற்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கான விலையை உங்கள் மகள் கட்டிக்கொண்டிருப்பதை என்னால் மதிக்க முடியாது.

உங்கள் மகனின் சிக்கல் பள்ளியில் தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் எல்லோரையும்விட நன்றாகப் படித்த அக்காவைப் படிப்பிலிருந்து எடுத்து அடுக்களையில் நிறுத்தியதை அவன் பார்த்தான். காலையில் அவனை எழுப்புகிறவளும் சோறு கட்டிக் கொடுக்கிறவளும் அவள். தாமதமானால் பள்ளியில் போய்த் தலைகுனிந்து நிற்கிறவளும் அவள். படிப்பு என்பது தேவைப்பட்டால் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடக் கூடிய ஒன்று என்பதையும், தான் செய்கிற பிழைக்கு வேறொருத்தி பதில் சொல்லிக்கொள்வாள் என்பதையும் அவன் இந்த வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டான். அப்படிக் கற்றுக்கொண்டவனை மாலை ஐந்தரை மணிவரை இருக்கவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை அவனுக்குப் பகையாகத்தான் தெரிவார். தாமதமாக வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்திப் பாடத்தை இழக்கச் செய்வது எனக்கும் உடன்பாடானது அல்ல. அதை நீங்கள் நேரில் போய்ச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மற்றபடி அந்தப் பள்ளி செய்வது தன் கடமையை.

கடமை என்று நான் சொல்வது புதிதான ஒன்றை அல்ல. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றிய தன் ஏட்டில் எழுதியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது, இந்தக் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று குருவானவர் பெற்றோரிடம் கேட்கிறார். உணர்ந்திருக்கிறோம் என்று நீங்கள் வாய்திறந்து சொல்கிறீர்கள். மகனுக்குச் சொன்ன அந்த வார்த்தையை அவனுக்கு முன்பே மகளுக்கும் சொன்னீர்கள். புனித சவேரியார் இந்தக் கடற்கரைகளில் நடந்த காலத்தில் மணியடித்துச் சிறுவர் சிறுமியரைக் கூட்டித் தமிழில் செபம் கற்பித்தார் என்பதையும், கற்றதை வீட்டில் தாய்தகப்பனுக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களை அனுப்பினார் என்பதையும் 1544-இல் அவர் எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்பிப்பது இந்தக் கரையில் அவ்வளவு பழைய வழக்கம். உங்கள் மகள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவதை எண்ணி நான் மகிழ்கிறேன். ஆனால் வாசித்துக் காட்டுவது வேறு. பெற்றோர் உட்கார வேண்டிய நாற்காலியில் அவளை உட்காரவைப்பது வேறு.

மெட்ரிக் பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். எட்டரை ஆண்டுகள் தமிழில் படித்தவனை ஒன்பதாம் வகுப்பின் நடுவில் ஆங்கிலவழிக்கு மாற்றினால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இப்போது தவறிய இரண்டு பாடங்களோடு சமூக அறிவியலும் சேர்ந்துகொள்ளும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கென 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு, அக்காவின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்த வேண்டிய இடத்துக்கு அவன் ஏன் போக வேண்டும்? அவளுடைய படிப்பை எடுத்துக்கொண்டீர்கள். நகையையுமா எடுக்கப் போகிறீர்கள்?

டிசம்பர் 3, சவேரியார் திருநாள் விடுமுறைக்கு முன்பாக நீங்களே ஒரு நாள் பள்ளிக்குப் போங்கள். ஏலம் முடிந்து, கூடையை வீட்டில் வைத்துவிட்டு, குளித்து, நேராகப் போங்கள். வகுப்பாசிரியையிடம், என் மகன் எதில் பின்தங்குகிறான், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மதிப்பெண் அட்டையில் உங்கள் கையெழுத்து எவ்வளவு கோணலாக விழுந்தாலும் அதை நீங்களே போடுங்கள். கணவர் கரைக்கு வந்ததும் அடுத்த முறை அவர் போகட்டும். மகனைக் காலையில் எழுப்ப ஒரு கடிகாரம் போதும். தட்டைக் கழுவி வைக்கவும் தண்ணீர் பிடித்து வைக்கவும் பதினான்கு வயதுப் பையனுக்குக் கை இருக்கிறது. ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக்கு அவனை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூத்தவளின் பள்ளிக்கும் போக வேண்டும். அங்கே தலைமையாசிரியையான அருட்சகோதரியைப் பார்த்து, வருகிற ஜூனில் அவளைப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் தனித்தேர்வராக எழுதும் வழியை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சொல்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்றால், பள்ளியிலேயே பன்னிரண்டை முடித்துக் கல்லூரியில் சேரும்போது புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டு வேலைக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நால்வர் இருக்கும் வீட்டில் வேலையை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இனி எழுதுவது வாசித்துக்கொண்டிருக்கும் உனக்கு, மகளே. உன் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எங்கே வைத்திருக்கிறாய் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அதை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடு. மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டீர்களா, அது இன்னும் பள்ளியிலேயே இருக்கிறதா என்பதையும் அவர்களிடம் சொல்.