ஊழியமும் ஊதியமும்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, புடவைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். அவர்கள் சம்மதித்த சம்பளத்தைத்தான் கொடுக்கிறேன். வேதத்தின்படி இதில் பிழை உண்டா?

பதில்: சம்மதம் மட்டும் போதாது தம்பி. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல் இதே கேள்வியை எடுத்தது. இன்னும் மோசமான நிலைக்குப் பயந்து ஒருவர் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால், அவர் வற்புறுத்தலுக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்றது. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் சீவனத்துக்குக் கூலி காணவேண்டும். பேச்சுவார்த்தையில் எது முடிவானாலும் கூலி அதற்குக் கீழே போகக்கூடாது. 1931இல் பாப்பரசர் 11ஆம் பயஸ் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொன்னார்: தொழிலாளியின் குடும்பம், தொழிலின் நிலை, பொதுநன்மை. வியாபாரம் உண்மையாகவே படுத்துவிட்டால் அதையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் முதலாளியின் கவனக்குறைவால் இலாபம் குறைந்தால், அதைச் சொல்லிக் கூலியைக் குறைக்க முடியாது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள்: அந்தப் பிள்ளையின் போர்டிங் வாடகை, மூன்று நேரச் சாப்பாடு, பஸ் காசு, மருந்து, ஊருக்கு அனுப்புவது. கூட்டுத்தொகை உங்கள் சம்பளத்தைத் தாண்டினால், மிச்சத்தை யாரோ கடனாகச் சுமக்கிறார்கள். இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதற்குக் கீழே கொடுத்தால் வேதம்வரை போகவே தேவையில்லை, சட்டமே பிழை என்கிறது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்கள் முதலாளி சபையில் மூப்பர். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குரிய 20 வீதத்தையும் எங்கள் சம்பளத்திலேயே கழிக்கிறார்.

பதில்: அது சட்டவிரோதம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், அவருடைய பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு சேமிப்பின் 3 வீதமும் முழுக்க அவர் பையிலிருந்துதான். 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்களிடம் கழிக்கக்கூடியது 3,200 மட்டும். அவர் 4,800உம் 1,200உம் மேலே போட்டுக் கட்டவேண்டும். சம்பளச் சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள்; அங்கத்தவர் இலக்கத்தைக் கொண்டு காசு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மத்தேயு 18:15 சொல்வதுபோல முதலில் தனியே பேசுங்கள். கேட்காவிட்டால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர் மூப்பர் என்பதற்காகத் தயங்கவேண்டாம்.

சிட்டை, சிட்டை, சிட்டை. அது இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம்.

கேள்வி (மட்டக்குளி): மேசன் பாஸோடு கையாளாகப் போகிறேன். நாட்கூலி என்று பேசிவிட்டு, சனிக்கிழமைதான் தருகிறார்.

பதில்: உபாகமம் 24:15: அன்றைய கூலி அன்றைக்கே, பொழுது சாயுமுன். காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான். ஐந்து நாள் பிடித்து வைத்தால் நீங்கள் கடையில் கடன் வாங்குவீர்கள். கிழமைக் கூலி என்று முதலிலேயே பேசியிருந்தால் வேறு கதை.

கேள்வி (வத்தளை): சபை அலுவலகத்தில் ஆறு நாளும் வேலை செய்கிறேன். மாதம் 12,000. கூட்டிக் கேட்டால், "இது ஊழியம், ஊழியத்துக்குச் சம்பளம் பேசக்கூடாது" என்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, ஊழியம் என்ற நல்ல சொல்லைக் கூலியைக் குறைக்கும் கருவியாக்குவது பெரிய பிழை. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்று இயேசு சொன்னது வயல் வேலைக்காரரைப் பற்றியல்ல, தாம் ஊழியத்துக்கு அனுப்பிய சீஷரைப் பற்றி (லூக்கா 10:7). 1 தீமோத்தேயு 5:18 அதே வசனத்தைச் சபை மூப்பருக்குப் பொருத்துகிறது. பிரசங்கிப்பவருக்கு இந்த வசனம் பொருந்துமானால், கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் கழிவறை கழுவுபவருக்கும் பொருந்தும். நேரம் குறித்து, வராவிட்டால் கேள்வி கேட்டு, மேற்பார்வை செய்து வாங்கும் வேலை தொழில்தான். ஞாயிறு பாடகர் குழுவில் விருப்பத்தோடு பாடுவது வேறு.

கேள்வி (தெமட்டகொட): அக்கா சொல்வதை ஏற்கமுடியாது. பவுல் கூடாரம் செய்து பிழைத்தார், சபையிடம் கை நீட்டவில்லை.

பதில்: 1 கொரிந்தியர் 9ஐ முழுக்க வாசியுங்கள். 14ஆம் வசனத்தில், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு என்று கர்த்தரே கட்டளையிட்டதாக எழுதிவிட்டு, 15இல் தம் உரிமையைத் தாமே விடுகிறார். உரிமையை விடக்கூடியவர் அதை உடையவர் மட்டுமே. பவுலுக்காகக் கொரிந்து சபை அதை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தத் தங்கச்சிக்காக நிர்வாக சபையும் விட்டுக்கொடுக்க முடியாது. 2 கொரிந்தியர் 11:8இல் மற்றச் சபைகளிடம் சம்பளம் பெற்றதாகவும் அவரே சொல்கிறார்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): அப்படியானால் மத்தேயு 20? திராட்சைத் தோட்ட எஜமான், என்னுடையதை என் இஷ்டப்படி செய்யக்கூடாதா என்று கேட்கிறாரே.

பதில்: அந்த எஜமான் யாருக்காவது குறைத்தாரா? விடியற்காலையில் வந்தவருக்குப் பேசிய ஒரு பணம் முழுதாகக் கிடைத்தது. அது அக்காலத்து ஒரு நாள் கூலி. பதினோராம் மணி நேரத்தில் வந்தவருக்கும் அதே ஒரு நாள் கூலி, ஏனென்றால் அவர் வீட்டிலும் அன்றிரவு சமைக்கவேண்டும். அவர் தம் இஷ்டப்படி கூட்டிக் கொடுத்தார். குறைத்துக் கொடுப்பதற்கு அந்த உவமையில் ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி (தெமட்டகொட): சபையில் காசே இல்லை என்றால்?

பதில்: அப்போது கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு எத்தனை மணித்தியாலம் வருமோ, அத்தனை மணித்தியாலம் மட்டும் வேலை வாங்குங்கள். ஆறு நாளை இரண்டு நாளாக்குங்கள், தங்கச்சி மிச்ச நாளில் வேறு இடத்தில் உழைக்கட்டும். கூரைத் தகடும் ஒலிபெருக்கியும் வாங்கும்போது காசு இருந்தால், இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி (புறக்கோட்டை): கடையில் சம்மதித்துத்தான் மேலதிக நேரம் நிற்கிறோம்...

பதில்: சம்மதம் பற்றி மேலே சொல்லியாயிற்று. கணக்கு இதுதான்: மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்கள். 48,000 என்றால் மணிக்கு 300 ரூபா. நின்ற மணிகளை நீங்களும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

கேள்வி (நுகேகொட): சேமலாப நிதி யார் பங்கு எவ்வளவு?

பதில்: கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): வீட்டு வேலைக்கு நிற்கும் அக்காவுக்குச் சேமலாப நிதி கட்டலாமா?

பதில்: 1958 சட்டம் வீட்டு வேலையைத் தன் எல்லைக்குள் எடுக்கவில்லை. கொலோசெயர் 4:1 எடுக்கிறது: நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு. அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, சம்பளத்துக்கு மேலாக 12 வீதத்தை மாதாமாதம் போடுங்கள். புத்தகம் அவர் கையிலேயே இருக்கட்டும்.