எந்த ஃபாக்டரி என்று கேட்டால் என்ன? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். மொரிசியஸில் ரெதுயி என்ற ஊரில் முதுகலை படிக்க வந்து ஒரு செமஸ்டர் முடிந்துவிட்டது. இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறது என்பதுதான். வந்து பார்த்தால் வகுப்பில் வீராசாமி, ஆறுமுகம், சுப்பிரமணியன் என்று பெயர்கள், ஆனால் ஒருவருக்கும் தமிழ் பேச வரவில்லை. வணக்கம் சொன்னால் சிரித்துவிட்டுத் தங்களுக்குள் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் 'நீ ஹிந்துவா, தமிழா' என்று கேட்டான், தலை சுற்றியது. போன வாரம் ரோஸ்ஹில்லில் ஒரு கடையில் எந்த ஃபாக்டரியில் வேலை என்று கேட்டார்கள். அவமானமாக இருந்தது. பேசாமல் இந்தியப் பையன்களோடு மட்டும் இருந்துவிட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று தோன்றுகிறது. இவர்களை எப்படித் தமிழர் என்று எழுதுகிறீர்கள்? வகுப்பில் ஒருவன் தைப்பூசக் காவடிக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறான். போகலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போங்கள். கொடி ஏறிய நாளிலிருந்து கவிச்சி தொடாமல் இருந்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது, அந்த வீட்டில் பத்து நாளும் அப்படித்தான் இருப்பார்கள்.

மற்றதைக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 1730களில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே கவர்னராக இருந்த காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாரும் தச்சரும் இங்கே வந்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து, 1834-லிருந்து, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள், சென்னையிலிருந்து ஏறியவர்களும் அதில் உண்டு. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய இடம் அப்பிரவாசி காட் என்று இன்றும் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், மெட்ரோ பிடித்தால் கடைசி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம், இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே போய்வாருங்கள். நாளடைவில் எல்லோருக்கும் பொதுவாகிப்போனது கிரியோல். அத்தனை தலைமுறைக்குப் பிறகு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து 'எங்கே என் தமிழ்' என்று கேட்டால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? உங்கள் வகுப்புத் தமிழர்களில் சிலராவது பள்ளிக்கூடத்தில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், வாய் வராது. நம் ஊரில் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நாம் எப்படி விழித்தோமோ அப்படி.

நோட்டைப் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். 1998-இல் புது நோட்டு வந்தபோது தமிழுக்கு மேலே ஹிந்தியைப் போட்டுவிட்டார்கள், காலங்காலமாக இருந்த வரிசை மாறிவிட்டது. இங்கத்துத் தமிழர்கள் விடவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். ஊரில் நாலு தமிழ்ப் பலகை விழுந்தாலும் கண்டுகொள்ளாமல் போகிற நாம் (என்னையும் சேர்த்துத்தான்) இவர்களுக்குத் தமிழ்ச் சான்றிதழ் கொடுக்கக் கிளம்புவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

'ஹிந்துவா தமிழா' விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இங்கே பேச்சில் ஹிந்து என்றால் பிகார்ப் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரிக்காரர்கள். தமிழர், தெலுங்கர், மராத்தியர் தனித்தனி, கோயிலும் விடுமுறையும்கூட அப்படித்தான். போஜ்புரிக்காரர்களுக்கு மகா சிவராத்திரி, தெலுங்கருக்கு உகாதி, தமிழருக்குத் தைப்பூசம். அரசியலமைப்பில் மட்டும் எல்லோரையும் ஒரே ஹிந்துப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள், அதில் பலருக்கு இன்றும் மனக்குறை. 'தமிழ்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஃபாக்டரிக்கு வருகிறேன். அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைக்காரர் கேட்டதில் என்ன அவமானம்? இங்கே துணி ஃபாக்டரிகளில் பங்களாதேஷ், மடகாஸ்கர், நேபாளம், நம் நாடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து ஒரே ஹாலில் கட்டிலுக்குக் கட்டில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வெளியே வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களைப் பார்த்தால் அவர்களில் ஒருவரைப் போல இருந்திருக்கிறது. கேள்வியில் இளக்காரம் இருந்திருந்தால் அது கடைக்காரர் குற்றம், ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறி வந்தவரின் பேரனாகக்கூட அவர் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வலித்தது இளக்காரமா, இல்லை தொழிலாளி என்று நினைத்துவிட்டாரே என்பதா? இதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கிரியோல் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், செய்தித்தாள் பிரெஞ்சில் வரும், ஆனால் சிரிப்பு, வம்பு, நட்பு, பேராசிரியர் நடுவில் அடிக்கிற ஜோக் எல்லாம் கிரியோலில்தான். பிரெஞ்சு மாதிரி பயமுறுத்தாது. 'மோ பே மான்ஜே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'மோ பூ மான்ஜே' என்றால் சாப்பிடுவேன், 'மோ'வுக்குப் பதில் 'லி' போட்டால் அவன் அல்லது அவள், வினை அப்படியே இருக்கும். காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தால்பூரி வண்டியில் நின்று பாருங்கள். அந்த ஆள் இரண்டு பூரியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மொச்சைக் குழம்பும் ருகாய் என்கிற தக்காளித் தொக்கும் கரண்டியால் இழுவி, மிளகாய் போடவா என்று தலையை மட்டும் தூக்கிக் கேட்டு, நீங்கள் பதில் சொல்வதற்குள் தாளில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். அந்த இடைவெளிக்குள் கிரியோலில் பதில் சொல்ல வந்துவிட்டால் பாதி ஊர் உங்களுடையது.

இந்தியப் பையன்களோடு இருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ரசப்பொடிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஆள் வேண்டும். அவர்களோடு மட்டும் என்பதுதான் வீண். ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைகளுக்கும் உங்களுக்கிருக்கும் அதே விசாக் கவலை, அதே வாடகைக் கவலை. உங்களைவிட அவர்களை இந்த ஊர் முறைத்துப் பார்க்கிறது, அதையும் கவனியுங்கள்.

அப்புறம், காவடி. நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்தி, எலுமிச்சம்பழம் தொங்க, செருப்பில்லாமல் கொதிக்கிற தார் ரோட்டில் நடப்பார்கள், பாட்டுப் புத்தகத்தில் முருகன் பாட்டு ரோமன் எழுத்தில் இருக்கும், உச்சரிப்பு எங்கெங்கோ போகும். தயவுசெய்து திருத்தாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முடிந்ததும் வாழையிலையில் ஏழு வகைக் காய்கறி வைப்பார்கள், கூடவே ரசம். ரசம் நம் வீட்டு ருசியிலேயே இருக்கும், அழுதுவிடாதீர்கள், அந்த வீட்டுப் பாட்டி பதறிப்போய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடுவார்.

வெயிலுக்கு முன்னால் போய்ச் சேருங்கள். இருட்டினால் பஸ் சீக்கிரம் நின்றுவிடும், எப்படித் திரும்புவது என்று நண்பனிடம் முதலிலேயே கேட்டுவையுங்கள். இது புயல் சீசன் வேறு, எச்சரிக்கை மூன்றாம் கட்டத்துக்கு ஏறிவிட்டால் எல்லாம் அடைத்துவிடுவார்கள், அன்றைக்குக் காவடி என்றாலும் வீட்டை விட்டு இறங்கவேண்டாம்.

அன்புடன்,
அக்கா